பூண்டு மணக்கும் கண்ணீர்

பூச்சிமருந்து அடிக்கிறவருக்குக் கல்யாணமாகி இரண்டாம் வருஷம், ஒரு புதன்கிழமை காலை பத்தே முக்காலுக்கு, கோதுமைக் கிடங்கின் மூன்றாவது வரிசையில் அவர் மருந்தடித்துக்கொண்டிருந்தபோது இரண்டு கண்களிலும் நீர் வழிய ஆரம்பித்தது. அது நிற்பதற்குப் பத்தொன்பது வருஷம் ஆனது. அன்று சாயங்காலம் வீட்டு வாசலில் குனிந்து செருப்பைக் கழற்றும்போது தரையில் மூன்று சொட்டு விழுந்தது. அந்தப் பக்கமாகப் போய்க்கொண்டிருந்த எறும்பு வரிசை அந்த மூன்று சொட்டுக்கு வந்ததும் ஒவ்வொன்றாக மல்லாந்தது. உள்ளே சட்டைகளுக்குப் பட்டன் துளை தைத்துக்கொண்டிருந்த அவர் மனைவி, ஊசியை நிறுத்தி எறும்புகளைப் பார்த்தாள், அப்புறம் அவரைப் பார்த்தாள். "என்னங்க, அழறீங்களா?" என்றாள். "நான் எதுக்கு அழப்போறேன், பூண்டு" என்றார். அவர் பின்கட்டுக் குழாயடிக்குக் குளிக்கப் போனார், அவள் எறும்புகளைக் கூட்டித் தள்ளினாள்.

பூண்டு என்பது கம்பெனி ஆட்கள் அந்த மருந்துக்கு வைத்த பெயர். டின்னில் ஒட்டியிருந்த நிஜப் பெயரை ஒரே மூச்சில் வாசித்த ஆள் கிடையாது. மேஸ்திரி மட்டும் வாசிப்பார், அவரும் நடுவில் ஒருமுறை நின்று இருமிக்கொள்வார். ஆர்கனோபாஸ்பேட் வகை என்று கம்பெனி டாக்டர் சொல்வார். மூடியைத் திறந்தால் பக்கத்து அறையில் யாரோ பூண்டு உரிக்கிற மாதிரி ஒரு வாசனை வரும், அவ்வளவுதான். முதுகில் பித்தளை டாங்கி, இடது கையில் பம்பு, வலது கையில் குழல். கிடங்கு, சினிமாக் கொட்டகை, ஆஸ்பத்திரிச் சமையல்கூடம், ரயில் பெட்டி, நூலகம் என்று எங்கே கூப்பிட்டாலும் ஆறு பேர் போவார்கள். தூர மூலையில் ஆரம்பித்துப் பின்பக்கமாகவே நடந்து வந்து வாசலில் முடிக்க வேண்டும். அடித்த தரையைத் திரும்ப மிதிக்கக் கூடாது. அதனால் அந்த ஆறு பேரும் கல்யாண வீட்டிலிருந்துகூடப் பின்பக்கமாக நடந்துதான் வெளியே வருவார்கள் என்று ஊரில் கேலி செய்வார்கள். அது பொய்யுமில்லை.

இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கம்பெனி மருத்துவ அறையில் நர்ஸம்மா ரத்தம் எடுத்து, ஒரு பச்சை அட்டையில் எண் எழுதுவார். இந்த மருந்து ரத்தத்தில் இருக்கிற ஏதோ ஒரு என்சைமைக் கட்டிப்போட்டுவிடும், அது இருந்தால்தான் ஊறுகிற கண்ணும் வாயும் நிற்க வேண்டிய நேரத்தில் நிற்கும் என்று டாக்டர் விளக்கியிருந்தார். எண் சிவப்புக் கோட்டுக்குக் கீழே இறங்கினால் மூன்று வாரத்துக்கு டாங்கியைத் தொடக் கூடாது, முற்றத்தில் காலி டின் அடுக்க வேண்டும். நம்மவரின் எண் கோட்டுக்கு ஒரு நூல் மேலேயே நின்றது. கீழேயும் வராது, மேலேயும் போகாது. அவர் கண்ணும் அப்படித்தான்.

விஷயம் தெருவுக்குத் தெரிய ஒரு வாரம்கூட ஆகவில்லை. மாடி வீட்டு அக்கா முதலில் ஒரு சின்னக் கண்ணாடிப் புட்டியோடு வந்தார். மாவு டப்பாவில் வண்டு விழுகிறது, ஒரு நாலு சொட்டு கொடுங்களேன் என்று கூச்சத்தோடு கேட்டார். டப்பாவுக்கு உள்ளே வேண்டாம், அலமாரிக் காலடியில் வையுங்கள் என்று சொல்லி, கன்னத்தில் புட்டியை வைத்துப் பிடித்துக் கொடுத்தார் அவர். அப்புறம் தையல் கடைக்காரர் வந்தார், கம்பளித் துணிக்கு. நூலகர் வந்தார், செல்லரித்த அலமாரிக்கு. ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசலில் ஒரு வரிசையே நிற்கும். பள்ளிக்கூடத் தலைமையாசிரியை பிள்ளைகளின் பேன் தொல்லைக்கென்று ஒரு பெரிய பாட்டிலோடு வந்தபோது மட்டும், யாரிடமும் குரலை உயர்த்தாத அந்த மனுஷர், "பிள்ளைங்க பக்கத்துல இது வரவே கூடாது, எடுத்துட்டுப் போங்க!" என்று கத்தினார். அந்த அம்மாள் பயந்தே போனார்கள்.

அந்த நாட்களைச் சொல்லி அந்தத் தெருவின் வயசானவர்கள் இன்றைக்கும் பெருமூச்சு விடுவார்கள். என்ன நிம்மதியான காலம் அது! ஜன்னலைத் திறந்து போட்டுத் தூங்கினோம், வெல்லத்தை மூடாமல் வைத்தோம், விளக்கைச் சுற்றி ஒரு பூச்சி இருக்காது என்பார்கள். கொசுவலை விற்கிறவன் ஒரே ஒருமுறை அந்தத் தெருவுக்குள் வந்தான். கடைசி வீடு வரை கூவிப் பார்த்துவிட்டு, தலையில் அடித்துக்கொண்டு போனவன்தான். கொல்லையில் பூசணிக்கொடி பந்தல் முழுக்கப் பூத்ததையும், தேனீ எட்டிப் பார்க்காததால் ஒரு பிஞ்சுகூடப் பிடிக்காததையும் அவர்கள் சொல்ல மாட்டார்கள். சிட்டுக்குருவிகள் வேறு தெருவுக்குக் குடிபோனதையும் சொல்ல மாட்டார்கள். பழைய காலத்தை நினைத்து ஏங்குகிறவர்களிடம் இதையெல்லாமா கேட்பது.

சாவு வீடுகளில் அவருக்கு இருந்த மரியாதை தனி. யார் போனாலும் இவர் போய் ஒரு ஓரமாக நிற்பார். பெற்ற பிள்ளைகளைவிட இவர் கண்ணில்தான் ஈரம் அதிகம். அடகுக்கடை முதலாளி போனபோது, இந்த அளவுக்கு அழுகிறானே, அப்பாவுக்கு வேறு குடும்பம் ஏதாவது இருந்ததோ என்று அவர் பிள்ளைகள் நம்மவர் முகத்தில் ஜாடை தேடினார்கள். கல்யாண வீடுகளில் கடைசி வரிசை, போட்டோவில் இடமில்லை. அவர் எதற்கும் வருத்தப்பட்டதில்லை. வருத்தப்பட்டாலும் யாருக்குத் தெரியப்போகிறது என்பதுதான் அவர் மனைவியின் சங்கடம்.

அந்தச் சங்கடம் சும்மா வந்ததில்லை. கல்யாணமான நாலாம் வருஷம் அவர்களுடைய குழந்தை இறந்துபோனது. ஏழு மாசம். பெயர் வைத்திருந்தார்கள், ஆனால் கூப்பிட்டதெல்லாம் குட்டி என்றுதான். அந்த மாதம் ஊரில் ஒரு காய்ச்சல் வந்தது, ஆறு குழந்தைகள் போயின, அதில் ஒன்று குட்டி. மூன்றே நாள். குட்டி இருந்த நாட்களில் அவர் வேலை முடிந்து வரும்போது வாசற்படிக்கு அந்தப் பக்கமே நின்றுவிடுவார், மருந்துச் சட்டையோடு உள்ளே வரக் கூடாது. அங்கே கொஞ்ச நேரம் சும்மா நிற்பார், அப்புறம் சுற்றிக்கொண்டு குழாயடிக்குப் போய் மூன்று தடவை சோப்புப் போட்டுக் குளித்து வருவார். அதற்குள் குட்டி தூங்கியிருக்கும். தூக்கிக் கொஞ்சியது ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும்தான், அதுவும் துண்டால் கையையும் முகத்தையும் மூடிக்கொண்டு. குட்டியைக் கொண்டுபோய்ப் புதைத்துவிட்டு வந்த அன்று, அவர் கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டிருந்தது. அதற்கு முந்தின நாளும் வழிந்தது. மறுநாள் ரயில் பெட்டிகளுக்கு மருந்தடிக்கப் போய்விட்டு வந்தபோதும் அதே அளவு வழிந்தது. அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். இது அழுகையா, பூண்டா? கேட்க வாய் வரவில்லை. பெற்ற பிள்ளைக்கு அழுகிறாயா என்று ஒரு மனுஷனிடம் எப்படிக் கேட்பது!

கேட்காமலே ஒன்பது வருஷம் போனது. காஜா எடுப்பதில், அதாவது பட்டன் துளை தைப்பதில், அந்தப் பக்கத்தில் அவளுக்கு நிகர் இல்லை என்று பெயர் வாங்கினாள். அவர் தினமும் எட்டுக் கைக்குட்டை நனைத்தார், அவள் தினமும் எட்டுக் கைக்குட்டை துவைத்தாள். பதின்மூன்றாம் வருஷம், கதவடைத்த ஒரு கிடங்கில் டாங்கிக் குழல் வெடித்து மருந்து அவர் மேலேயே கொட்டியது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனபோது வாயிலும் மூக்கிலும் நீர் கொட்டியது, கண்ணின் பாவை கடுகாகச் சுருங்கியிருந்தது, மூச்சு இழுத்தது. விஷத்துக்கு மாற்று ஊசி போட்டு இரவெல்லாம் பக்கத்திலேயே இருந்து பிழைக்க வைத்தார்கள். மறுநாள் காலை அவள் போய்ப் பார்த்தபோது, பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக அவர் கண் காய்ந்திருந்தது. பாவை அகல விரிந்து, பளிச்சென்று, யாரோ புது ஆளின் கண்போல இருந்தது.

அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். இதைவிட்டால் வேறு சந்தர்ப்பம் வராது என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. "குட்டி இருந்திருந்தா இப்ப ஒன்பது வயசு" என்றாள். அவர் அவளையே பார்த்தார். அவள் இன்னும் சொன்னாள்: பள்ளிக்கூடம் போயிருக்கும், சண்டை போட்டிருக்கும், என் நூல்கண்டையெல்லாம் சிக்காக்கியிருக்கும். அவர் உதடு அசைந்தது, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு பேச்சு வரவில்லை. அவள் அந்தக் கண்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு சொட்டு, ஒரே ஒரு சொட்டு வந்தால் போதும். சுவர்க் கடிகாரத்தில் அரை மணி போனது. ஒன்றும் வரவில்லை. அந்த ஊசி போட்ட ஆளுக்குக் கண்ணும் வாயும் நாள் முழுக்க வறண்டு கிடக்கும் என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய விஷயமென்று யாருக்கும் தோன்றவுமில்லை. கொண்டுவந்த கஞ்சியை வைத்துவிட்டு எழுந்து போனாள். மூன்றாம் நாள் கண் பழையபடி வழிய ஆரம்பித்தது, ஐந்தாம் நாள் வீட்டுக்கு வந்தார், ஆறு வாரம் கழித்து டாங்கியை மாட்டிக்கொண்டார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் சண்டை சச்சரவு கிடையாது. "சாப்பிடறீங்களா", "வைம்மா", "மழை வரும்போல", "ஆமாம்". விருந்தாளிகள் இரண்டு பேர் ஒரே சத்திரத்தில் தங்கியிருக்கிற மாதிரி ஏழு வருஷம் ஓடியது.

இருபதாம் வருஷம் அரசாங்கம் அந்த மருந்தைத் தடை செய்தது. கம்பெனி வாசலில் உத்தரவை ஒட்டினார்கள், ஆறு டாங்கிகளையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள், ஆட்களை முற்றத்து வேலைக்கு மாற்றினார்கள். நாலு மாதத்தில் எண் தானாக ஏறிவிடும், கண்ணும் காய்ந்துவிடும் என்று டாக்டர் சொன்னார். தெருவில் இழவு விழுந்த மாதிரி ஆகிவிட்டது. மாடி வீட்டு அக்கா அவசரமாக ஏழு புட்டி நிறைத்து வைத்துக்கொண்டார். மற்ற ஐந்து பேருக்கும் எண் ஏறியது. நம்மவருக்கு ஏறவில்லை. நாலு மாதம் ஆறானது, ஆறு எட்டானது, எண் மெல்லக் கீழே இறங்கிக் கோட்டையும் தாண்டியது.

நர்ஸம்மா பச்சை அட்டையை எடுத்துக்கொண்டு நேராக அவள் காஜா எடுக்கிற தையல் கடைக்கே வந்துவிட்டார். "ஏம்மா, உன் வீட்டுக்காரர் எங்கயோ இன்னும் மருந்து தொடறார். எங்கன்னு பாரு. இன்னொரு தடவ விழுந்தா ஊசியும் கேக்காது" என்றார். அவள் ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே, "அந்த ஊசி போட்டப்பவே பாத்தேனே, கண்ணு நல்லாத்தான் காஞ்சு இருந்துச்சு. கல்லு மாதிரி" என்றாள். அதில் எத்தனை வருஷத்துக் கசப்பு இருந்தது என்று நர்ஸம்மாவுக்குத் தெரியாது. "காயாம? அந்த ஊசி போட்டா பெத்த அம்மா செத்தாக்கூட ஒரு சொட்டு வராது. அதுக்குத்தானே போடறதே!" என்று சொல்லிவிட்டு அவர் பாட்டுக்குக் குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார். அவள் கையில் நூலும் ஊசியும் அப்படியே இருந்தன. தையல் கடைக்காரர் இரண்டு தடவை கூப்பிட்டும் காதில் விழவில்லை.

அன்று மத்தியானமே வீட்டுக்கு வந்து தேடினாள். பரணில் தேடினாள், குழாயடியில் தேடினாள், கொல்லையில் கிளறிப் பார்த்தாள். கடைசியில் கொடியில் தொங்கிய அவருடைய சட்டையில்தான் கண்ணில் பட்டது. காலருக்கு அடியில் ஒரு தையல். கோணலாக, நூல் இழுபட்டு, பள்ளிக்கூடப் பிள்ளை போட்ட கோடு மாதிரி. அந்த வீட்டில் இருபது வருஷமாக ஒரு பட்டன்கூட அவள் கையில்லாமல் தைக்கப்பட்டதில்லை. பிரித்தாள். உள்ளே தீப்பெட்டி அளவில் ஒரு கம்பளித் துண்டு, பூண்டு வாசனை. மற்ற நாலு சட்டையிலும் அதே. மறுபடி கொல்லைக்குப் போய்ப் பார்த்தபோது, பழைய டின் ஒன்று பூசணிப் பந்தலுக்குப் பின்னால் செங்கல் குவியலுக்குள் இருந்தது, முக்கால்வாசி காலி.

சாயங்காலம் அவர் வந்து வாசற்படியில் நின்றபோது, ஐந்து காலர்களும் மேஜைமேல் வரிசையாக இருந்தன. அவர் பார்த்தார். உள்ளே வராமல் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"இது என்னங்க?"

"கண்ணு காஞ்சுடக் கூடாதுன்னுதான்."

"காஞ்சா என்ன? உலகத்துல எல்லாருக்கும் காஞ்ச கண்ணுதானே?"

அவர் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். "ஆஸ்பத்திரியில ஒருநாள் காஞ்சுதே. குட்டியைப் பத்திச் சொல்லிட்டு என்னப் பாத்தியே, அந்தப் பார்வை. இன்னொரு தடவ என்னால தாங்க முடியாதும்மா."

அவளுக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று சொல்ல முடியாத கோபம். "அட பாவி மனுஷா! அது ஊசியாம்! இன்னிக்குத்தான் எனக்கே தெரியும். நான் ஒரு முட்டாள், நீங்க என்னைவிடப் பெரிய முட்டாள். இதுக்காகச் சாகறதா? நீங்களும் போயிட்டா நான் இந்த வீட்டுல யாருகூட இருப்பேன், எறும்புகூட இல்லையே!" என்று கத்தினாள்.

"நான் அழுதேனா இல்லையான்னு எனக்கே தெரியாது" என்றார் அவர். "அதான் நெஜம். எது பூண்டு, எது நான்னு பிரிக்கத் தெரியல. நின்னுபோயிட்டா உள்ள ஒண்ணுமே இல்லன்னு ஆயிடுமோன்னு பயம்."

மறுநாள் டின்னையும் சட்டைகளையும் மேஸ்திரி வந்து வாங்கிப்போய்க் கம்பெனிக் குழியில் சிமென்ட் போட்டு மூடினார். ஐந்தாம் வாரம் அவர் கண் ஈரம் குறைந்தது, ஒன்பதாம் வாரம் நின்றது. எண் கோட்டைத் தாண்டி மேலே போயிற்று. முதல் கொசு ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது. அது அவள் முழங்கையில் உட்கார்ந்து குடித்து முடிக்கும்வரை அவள் அசையவில்லை. பிறகு எறும்பு வந்தது, ஈ வந்தது, பூசணியில் முதல் பிஞ்சு விழாமல் நின்றது. தெருக்காரர்கள் முணுமுணுத்துக்கொண்டே கொசுவலைக்குச் சொல்லி அனுப்பினார்கள். அவர் மட்டும் சட்டை போடாமல் சபைக்கு வந்துவிட்டவர்போல முகத்தைக் கையால் மறைத்துக்கொண்டு நடமாடினார். சாவு வீடுகளுக்குப் போவதை நிறுத்திவிட்டார். ராத்திரி விளக்கணைத்த பிறகு கண்ணை விரலால் தொட்டுப் பார்த்துக்கொள்வார். ஒன்றுமில்லை. அதை அவளும் கவனித்தாள், இந்தத் தடவை அவளுக்குக் கோபம் வரவில்லை, பரிதாபமாகத்தான் இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டு முடித்துச் சும்மா உட்கார்ந்திருந்தபோது மாடி வீட்டில் யாரோ தும்மினார்கள். "குட்டி எப்பவும் மூணு தடவ தும்முவா, ஞாபகம் இருக்கா?" என்றாள் அவள். சோதிக்க இல்லை, வாயில் வந்தது, சொன்னாள்.

"நாலு" என்றார் அவர்.

"மூணுங்க. நான்தானே பக்கத்துல இருந்தேன்."

"நாலு. நாலாவது ரொம்பச் சின்னது, பூனைக்குட்டி மூச்சு விடற மாதிரி. உன் தையல் மிஷின் சத்தத்துல உனக்குக் கேட்டிருக்காது. நான் வாசல்ல நின்னு எண்ணுவேன். என் சட்டையாலதான் தும்முறாளோன்னு தெனமும் எண்ணுவேன். மூணோட நின்னா உள்ள வரலாம்னு நெனச்சுப்பேன். ஒருநாளும் மூணோட நிக்கல."

அவள் எழுந்து வந்து அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். "அது காய்ச்சல்ங்க. ஊர்ல ஆறு பிள்ளைங்க போச்சு. அவங்க அப்பா யாரும் மருந்தடிக்கல" என்றாள். அவர் தலையை ஆட்டினார். அப்புறம் அவர் அழுதார்.

தண்ணீர் முதலில் பாயை நனைத்தது. கால் மணி நேரத்தில் கணுக்கால் அளவு ஏறி, படியிறங்கித் தெருவுக்குப் போனது. அவள் துணிகளையும் நூல்பெட்டியையும் மேஜைமேல் ஏற்றிவிட்டு, இரண்டு நாற்காலியை வாசலில் போட்டு அவரையும் உட்கார வைத்துத் தானும் உட்கார்ந்தாள். நீர் வெதுவெதுப்பாக, உப்பாக இருந்தது, பூண்டு வாசனை துளியும் இல்லை. எறும்புகள் அதில் மிதந்து எதிர்ச் சுவரில் ஏறி, உடம்பை உதறிக்கொண்டு தங்கள் பாட்டுக்குப் போயின. தெருக்காரர்கள் வேட்டியையும் பாவாடையையும் தூக்கிக் கட்டிக்கொண்டு, செருப்பைக் கையில் பிடித்தபடி நடந்தார்கள், மாடி வீட்டு அக்கா மேலேயிருந்து, "எப்ப வடியும்?" என்று கேட்டார். "நாளான்னிக்குள்ள வடிஞ்சுடும் அக்கா, கீழ எதையும் வைக்காதீங்க" என்றாள் அவள். தையல் கடைக்காரர் ஒரு பலகையைக் குறுக்கே போட்டுவிட்டுப் போனார். அவர் அழுதுகொண்டே இருந்தார், அவளும் அழுதாள், காலை நீருக்குள் வைத்தபடி இருவரும் குட்டியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். மூக்கு யார் ஜாடை என்பதில் மட்டும் தகராறு. உன் அப்பா மூக்கு என்றார் அவர், எங்க அப்பாவுக்கு ஏது அவ்வளவு எடுப்பான மூக்கு, உங்க வீட்டு மூக்குதான் என்றாள் அவள். விளக்கு ஏற்றுகிற நேரம்வரை அது தீரவில்லை.